பழைய பாட்டுப் படங்கள் இன்றைய பிள்ளைகளிடம் எடுபடுமா? எதைக் காட்டலாம், எப்படிக் காட்டலாம்?

செங்காங் வாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு பழைய பாட்டுப் படம் போடுவதாக முடிவாகியிருக்கிறது. மொத்தம் ஆறு படம். வருகிறவர்களில் பாதிப் பேர் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள். மீதிப் பாதி அவர்களுடைய தாத்தா பாட்டிமார். அறை 7 மணிக்குக் கிடைக்கும், 10 மணிக்குக் காலி செய்துவிட வேண்டும். 3 மீட்டர் அகலத்தில் 16:9 திரை இருக்கிறது. புரொஜெக்டர் ஒன்று, கூரையில் பதித்த ஸ்பீக்கர்கள் நான்கு.

இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் பட்டியல்: ஹரிதாஸ் (1944), சந்திரலேகா (1948), தில்லானா மோகனாம்பாள் (1968), சிங்கிங் இன் த ரெயின் (1952), செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ் (1954), வெஸ்ட் சைட் ஸ்டோரி (1961).

கேட்க வேண்டியது இரண்டு. இவற்றில் எது இன்றைய பிள்ளைகளிடம் நிற்கும், எது நிற்காது? பாட்டு வந்தால் பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள், அதனால் பாட்டுகளைக் குறைத்து இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கிவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். அது சரிவருமா?


ரீல் பெட்டி:

பாட்டை வெட்டாதீர்கள். பட்டியலில் எந்தப் படம் இருக்கிறது என்பதைவிட இதுதான் முக்கியம்.

ஒரு பாட்டுப் படம் தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பாட்டு தொடங்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, யாருக்கு என்ன தெரியும், யார் எதை மறைக்கிறார்கள், யார் யாரை நம்புகிறார்கள் என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் அதே கேள்விகளுக்கு மறுபடி எழுதுங்கள். பதில் மாறியிருந்தால் அந்தப் பாட்டில் பிள்ளைகள் கைப்பேசியை எடுக்க மாட்டார்கள். மாறவில்லை என்றால் எடுப்பார்கள், தாத்தாவும் டீ குடிக்க எழுந்து போவார்.

தில்லானா மோகனாம்பாளில் 'நலந்தானா' வரும் இடத்தை இப்படிப் பாருங்கள். காயம்பட்டுத் தேறி வந்த சண்முகசுந்தரம் நாகஸ்வரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மோகனா ஆட வேண்டும். சபைக்கு நடுவில் அவரிடம் நேரே ஒரு வார்த்தை பேச அவளுக்கு வழியில்லை. ஆகவே உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பையே பாட்டாகவும் அபிநயமாகவும் ஆக்கி அவர் பக்கம் அனுப்புகிறாள். அவர் வாத்தியத்தில் பதில் சொல்கிறார். கூட்டம் கச்சேரி கேட்கிறது, இவர்கள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். இதை வெட்டினால் அதற்குப் பிறகு அவர்களுக்குள் வரும் இணக்கம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியாது.

நாகஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி வாசிப்பதுபோல் நடிக்கும்போது கன்னம் எங்கே உப்புகிறது, மூச்சை எந்த இடத்தில் இழுக்கிறார், ஸ்வரம் ஏறும்போது விரல் எப்படித் துளையை விட்டு எழுகிறது என்று கவனியுங்கள். இசை தெரியாத பிள்ளையும் நம்பும். இன்றைய பார்வையாளர்கள் வாத்தியத்தைப் பொய்யாகப் பிடித்திருப்பதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பல பழைய படங்கள் அவர்களிடம் தோற்பது அங்கேதான்.

சந்திரலேகாவின் முரசு நடனமும் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். பிரம்மாண்டமான முரசுகள் மேல் ஏறி அத்தனை பேர் ஆடி முடித்ததும், உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுச் சண்டை தொடங்குகிறது. ஆட்டம்தான் படையைக் கோட்டைக்குள் கொண்டுவந்த சூழ்ச்சி. ஆனால் படம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். சர்க்கஸ் பகுதியில் கதை ஓரிடத்திலேயே நின்றுவிடுகிறது. முழுப் படத்தையும் போடாமல், முரசு நடனத்தை மட்டும் வேறொரு படத்துக்கு முன்னால் தனித்துண்டாகப் போடுங்கள். ஒரு படத்தைக் கத்தரித்து அதுதான் முழுப் படம் என்று காட்டுவது வேறு, ஒரு காட்சியைக் காட்சி என்றே சொல்லிக் காட்டுவது வேறு.

ஹரிதாஸின் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். போர்க்காலத்தில் படச்சுருள் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இந்தியாவில் இருந்தது. 35 மில்லிமீட்டர் சுருளில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக 11,000 அடி என்றால் 122 நிமிடம். போருக்கு முந்திய தமிழ்ப் படங்களோடு ஒப்பிட்டால் ஹரிதாஸ் இறுக்கமாக இருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று தாத்தாமார் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெருமையைவிட, பாபநாசம் சிவன் எழுதிய 'மன்மத லீலை' சாருகேசி இராகத்தில் எப்படி அமைந்திருக்கிறது என்பதை ஒரு நிமிடம் விளக்கினால் காது கொடுப்பார்கள்.


நாட்டிய ரசிகை:

ரீல் பெட்டி ஐயா சொல்லும் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அது ஒன்றையே வைத்தால் மிகச் சிறந்த சிலவற்றைத் தள்ளிவிடுவோம்.

சிங்கிங் இன் த ரெயினில் டொனால்ட் ஓ'கானர் தனியாகச் சிரிப்பு மூட்டும் அந்த ஆட்டத்தில் கதை அங்குலம்கூட நகர்வதில்லை. யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரிவதில்லை. ஆனாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள். ஒருவர் சுவரில் ஓடி ஏறிப் பின்னால் குட்டிக்கரணம் போடுகிறார். வெட்டு அதிகமில்லை, உடம்பு முழுதும் தெரிகிறது. அதை அவரே செய்தார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

1930களின் படங்களில் ஃபிரெட் அஸ்டேர் பிடிவாதமாக இருந்த விஷயம் இதுதான். தலை முதல் கால் வரை படச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) இருக்க வேண்டும், ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டக் கூடாது. இன்றைய பாட்டுக் காட்சிகளில் இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு விழுகிறது. அதிலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடும் ஆட்டம் புதுமையாக இருக்கிறது. பழசாகத் தெரிவதில்லை.

ஆகவே நான் இரண்டாவது கேள்வி ஒன்று சேர்ப்பேன்: கால் தெரிகிறதா? வஞ்சிக்கோட்டை வாலிபனில் (1958) பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டியைப் பாருங்கள். ஒருத்தி ஆடும்போது மற்றவள் எப்படி நிற்கிறாள், எப்போது இடையில் நுழைகிறாள் என்பதெல்லாம் முழு உடம்பும் தெரியும் சட்டத்தில்தான் புரியும். முகத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டியிருந்தால் அது போட்டியாகவே இருந்திருக்காது.

இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அந்தப் படத்தை விட்டுவிடலாம். நடுவயதுப் பாடகர் மரத்தடியில் நின்று கையை மட்டும் அசைத்து நான்கு சரணம் பாடும் காட்சியை எந்தப் புதுப்பிப்பும் காப்பாற்றாது. அந்தப் பாட்டை வானொலியில் கேட்டால் உயிரே போகும் அளவுக்கு நன்றாக இருக்கலாம், அது வேறு விஷயம்.


ஒலிப்பெட்டி:

பட்டியல் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். 'பழைய படம் சலிப்பு' என்று பிள்ளைகள் சொல்வதில் பாதி, படத்தைத் தப்பாக ஓட்டுவதால் வருவது. நான் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்திய தமிழ்ப் படங்கள் கிட்டத்தட்ட சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் சட்டத்தில் எடுக்கப்பட்டவை, உயரம் 1 என்றால் அகலம் 1.37. அதை உங்கள் 16:9 திரை நிறையக் காட்ட இரண்டு வழிதான் உண்டு. இழுத்து நீட்டலாம், எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டலாம், படத்தின் உயரத்தில் 23 விழுக்காடு போய்விடும். பழைய படத்தைச் சினிமாஸ்கோப்பாக மாற்றிய பிரதி என்றால் 42 விழுக்காடு போகும். நாட்டிய ரசிகை கேட்டாரே, கால் தெரிகிறதா என்று? முதலில் வெட்டுப்படுவது அந்தக் கால்தான்.

ஆகவே புரொஜெக்டரில் 'ஜூம்', 'வைட்', 'ஃபுல்' எதையும் தொடாதீர்கள். 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பாக விடுங்கள். உங்கள் திரையின் உயரம் 1.69 மீட்டர். படம் 2.31 மீட்டர் அகலத்தில் விழும். இரு பக்கமும் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் மிஞ்சும். புரொஜெக்டரின் கறுப்பு உண்மையில் சாம்பல் நிறம். அந்த 35 சென்டிமீட்டரையும் கறுப்புத் துணியால் மூடிவிட்டால், படம் சின்னதாகிவிட்டதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 'டைனமிக்' முறையை வைத்தால் முகமெல்லாம் நீலம் பாயும். 'சினிமா' முறை போதும்.

தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டுவதாக இருந்தால் அசைவை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று இருக்கும். விநாடிக்கு 24 சட்டம் ஓடும் படத்தில் நடுவில் இல்லாத சட்டங்களை அது தானாக வரைந்து நுழைக்கிறது. வேகமாகச் சுழலும் பாவாடை ஓரமும் தவில்காரர் விரலும் குழம்பிப் பிசுபிசுக்கும்.

ஒலிதான் பெரிய வேலை. உங்கள் பட்டியலில் உள்ள தமிழ்ப் படங்களும் சிங்கிங் இன் த ரெயினும் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. கூரை ஸ்பீக்கர் நான்கிலும் ஒரே ஒலியை விட்டால், ஒவ்வொன்றிலிருந்தும் வேறு வேறு நேரத்தில் காதுக்கு வந்து சேர்ந்து வார்த்தை தெளியாது. மேலும் குரல் தலைக்கு மேலிருந்து வரும், வாய் முன்னால் அசையும். நல்ல ஸ்பீக்கர் ஒன்றைத் திரைக்குக் கீழே நட்ட நடுவில், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். ஒன்று போதும். டிஸ்க்கில் 5.1 ஒலித்தடமும் மோனோத் தடமும் இருந்தால் மோனோவைத் தேர்ந்தெடுங்கள். அக்கால ஒளிவழி ஒலித்தடத்தில் 8 கிலோஹெர்ட்சுக்கு மேல் பாட்டு அதிகம் இல்லை, இரைச்சல்தான். 'டிரெபிளை' ஏற்றினால் தெளிவு வராது, சீறல்தான் வரும். அதற்கு மேலுள்ளதை 4 முதல் 6 டெசிபெல் குறையுங்கள்.

இன்னொன்று. இரைச்சல் நீக்கத்தை அளவுக்கு மீறிப் போட்ட பிரதிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. நிற்காமல் ஒரே அளவில் ஒலிப்பதையெல்லாம் அந்த மென்பொருள் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். தம்புரா அப்படித்தான் ஒலிக்கும். பாட்டின் அடியிலிருந்து சுருதி காணாமல் போய்விடும், குரல் அந்தரத்தில் தொங்கும். கேட்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, 'ஏதோ வெறுமையாக இருக்கிறது' என்பார். கொஞ்சம் சீறல் உள்ள பிரதி அதைவிட மேல்.

கடைசியாக ஒலியும் படமும் ஒத்துப்போவது. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், 100 முதல் 200 மில்லிவிநாடி வரை தாமதிக்கும். ஒரு சட்டத்துக்கு 42 மில்லிவிநாடி. பேச்சில் இரண்டு சட்டம் தவறினாலும் மனம் மன்னித்துவிடும், ஆட்டத்தில் மன்னிக்காது. கம்பியில் இணைத்து, செருப்புத் தரையில் அடிக்கும் காட்சியோ தவில் அடி விழும் காட்சியோ ஒன்றை எடுத்து, நடு வரிசையில் உட்கார்ந்து சரிபாருங்கள். முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒலி விநாடிக்கு 343 மீட்டர்தான் போகும். 12 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 35 மில்லிவிநாடி, ஏறக்குறைய ஒரு சட்டம், பிந்தித்தான் கேட்கும்.


செங்காங் வாசி:

ஒலிப்பெட்டி அண்ணே, மிக்க நன்றி. கறுப்புத் துணி வாங்கச் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். சிங்கிங் இன் த ரெயின் 103 நிமிடம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த பழைய டிவிடியில் 99 நிமிடம்தான் ஓடுகிறது. எதையாவது வெட்டியிருப்பார்களோ?


ஒலிப்பெட்டி:

வெட்டவில்லை, வேகமாக ஓடுகிறது. அது பிஏஎல் முறை டிவிடி. விநாடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தை 25 சட்டமாக ஓட்டுவார்கள். 103ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுங்கள், 99 வரும். எந்தப் படத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 174 நிமிட சவுண்ட் ஆஃப் மியூசிக் 167 நிமிடமாகும்.

சாதாரணப் படத்துக்கு இது பெரிய குற்றமில்லை. பாட்டுப் படத்துக்குக் குற்றம். சுருதியும் சேர்ந்து ஏறிவிடும். அரைக் கட்டை முழுதாக ஏறாது, அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு. இரண்டரைக் கட்டையில் பாடியது மூன்றுக்குச் சற்றுக் கீழே நிற்கும், எந்தக் கட்டையிலும் ஒட்டாது. ஹரிதாஸில் நடித்துப் பாடிய தியாகராஜ பாகவதர் காலத்துப் பாடகர்களுக்கு இது இன்னும் மோசம். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகியவர்கள், ஏற்கெனவே உச்சத்தில் பாடுகிறவர்கள். அதை இன்னும் ஏற்றிக் காட்டினால் பிள்ளைகள் 'கீச்சென்று இருக்கிறது' என்கிறார்கள். பழியைப் பாகவதர் மேல் போடுகிறோம்.

கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் சரிசெய்யலாம். வேகத்தை 0.96 என்று வையுங்கள். ஆனால் அதோடு விட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி அப்படியே மேலே நிற்கும். ஏனென்றால் விஎல்சி சுருதி மாறாமல் பார்த்துக்கொள்ளும். ஒலி அமைப்புகளில் 'டைம் ஸ்டிரெச்சிங்' என்ற பெட்டியின் தேர்வை எடுத்துவிடுங்கள், சுருதியும் இறங்கிவரும். சில டிவிடிகளில் தயாரிக்கும்போதே சுருதியைச் சரிசெய்திருப்பார்கள். அப்படியிருந்தால் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அதே பாட்டின் இசைத்தட்டுப் பதிவை ஓடவிட்டு, சுருதிப்பெட்டிச் செயலியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புளூரே கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, அது 24இலேயே ஓடும்.


பாலஸ்டியர் பக்கம்:

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரில் எடுத்த பாட்டுப் படம் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லையே! ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புத் தளம் 1967 வரை இயங்கியது. பி. ராம்லி நடித்து, பாடி, இயக்கிய படங்கள் அங்கேதான் உருவாயின. அந்த மலாய்ப் படங்களுக்குப் பாட்டும் ஆட்டமும் வந்த வழியில் நம்மவர்களுக்குப் பெரிய பங்குண்டு. 1930களில் இங்கே லைலா மஜ்னூன் எடுத்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். பின்னால் வந்த எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்த தமிழர். கதை ஓடும்போதே பாட்டு நுழையும் முறை, சோகம் முற்றும் இடத்தில் பாட்டை வைக்கும் முறை எல்லாம் தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும்.

இபு மெர்துவாகு (1962) போடுங்கள். காசிம் ஒரு சாக்சபோன் கலைஞன். வானொலியில் அவன் குரலைக் கேட்டுப் பணக்கார வீட்டுப் பெண் சபரியா மனதைப் பறிகொடுக்கிறாள். பாட்டுக்காரனா மருமகன் என்று தாய் சீறுகிறாள். ரீல் பெட்டி ஐயாவின் சோதனையில் முதல் பாட்டே தேறிவிடும், ஏனென்றால் காதல் தொடங்குவதே அந்தக் குரலில்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முடிவில் அவன் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். நேராகக் காட்டாவிட்டாலும் மனதை உலுக்கும். உயர்நிலை 1 பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேத்தே-கிரிஸ் நிறுவனம் எடுத்த மலாய்ப் படங்களின் தொகுப்பு ஆசியத் திரைப்படக் காப்பகத்தில் இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. நல்ல பிரதிக்கும் காட்சி உரிமைக்கும் யாரைக் கேட்பது என்று அங்கே விசாரியுங்கள். டிஸ்க் கையில் இருக்கிறது, ஸ்ட்ரீமிங் கணக்கு இருக்கிறது என்பதற்காகச் சமூக மன்றத்தில் போட்டுவிட முடியாது. அவை வீட்டில் பார்க்கத்தான். பொதுக் காட்சிக்கு உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும், ஊடக ஆணையமான ஐஎம்டிஏவின் வகைப்பாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் படங்களுக்கு உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடவே வாரக்கணக்காகும், இன்றே தொடங்குங்கள்.


கரும்பலகை:

உங்கள் பட்டியலில் செவன் பிரைட்ஸை எடுத்துவிடுங்கள். அண்ணன் தம்பிகள் ஊருக்குள் போய் ஆறு பெண்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், படம் அதை வேடிக்கையாகக் காட்டுகிறது, கடைசியில் எல்லாருக்கும் கல்யாணம். 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லி 14 வயதுப் பெண்பிள்ளைகள் முன்னால் இதைப் போடுவது நியாயமில்லை. கொட்டகை கட்டும் விழாவில் வரும் ஆட்டம், மைக்கேல் கிட் அமைத்தது, அபாரமானது. முரசு நடனத்துக்குச் சொன்ன மாதிரி அதை மட்டும் தனியாகக் காட்டுங்கள். மிக அகலமான சினிமாஸ்கோப் சட்டம் அது, ஒலிப்பெட்டி சொன்ன துணியை அப்போது பக்கங்களிலிருந்து எடுத்து மேலும் கீழும் கட்ட வேண்டியிருக்கும்.

வெஸ்ட் சைட் ஸ்டோரியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேசாமல் போடாதீர்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறிய பெண்ணாக நேட்டலி வுட் நடித்தார். அவர் போர்ட்டோ ரிக்கோக்காரர் இல்லை. போர்ட்டோ ரிக்கோக் கூட்டத்தாராக நடித்தவர்களின் முகத்தில் பழுப்புப் பூச்சு அப்பினார்கள். உண்மையிலேயே போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மோரேனோவுக்கும் பூசினார்கள். நம் பிள்ளைகள் தோல் நிறத்தைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்கிறவர்கள், தாங்களே கவனித்துவிடுவார்கள். நாம் முதலில் சொல்லிவிட்டால் படத்தை முழுமையாகப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பூச்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். படம் 152 நிமிடம், உங்கள் நேரத்துக்குள் அடங்கும். தொடக்கத்தில் பேச்சே இல்லாமல் தெருவில் இரண்டு கூட்டமும் உரசிக்கொள்ளும் பகுதி இன்றைக்கும் கூர்மையாக இருக்கிறது.

ஹரிதாஸிலும் கேள்வி வரும். பெற்றோரை அவமதித்தவன் தாசியிடம் சொத்தை இழந்து, கால்களை இழந்து, திருந்துகிறான். தவற்றின் சுமையில் பெரும்பங்கைத் தாசியின் தலையில் ஏற்றும் கதை. படத்துக்கு முன் இரண்டு நிமிடம் போதும்: இது பக்திக்கதை மரபு, அந்த மரபில் தண்டனை உடம்பில் விழும், திருந்துதல் பாட்டில் நடக்கும். மன்னிப்புக் கேட்கும் தொனியில் அறிமுகம் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் தாத்தாமார் புண்படுவார்கள், பிள்ளைகளும் படம் தொடங்குமுன்பே மட்டமாக நினைத்துவிடுவார்கள்.

தில்லானாவில் சண்முகசுந்தரத்தின் சந்தேகமும் கோபமும் இன்றைய பெண்பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டும். அது நல்லதுதான். அவருடைய முன்கோபத்தைப் படமே குறை என்றுதான் காட்டுகிறது, அதற்கான விலையையும் அவர் கொடுக்கிறார். படம் முடிந்ததும் அதைப் பற்றிப் பேசவிடுங்கள்.


ரீல் பெட்டி:

கால் தெரிய வேண்டும் என்று நாட்டிய ரசிகை சொன்னதை முழுமனதாக ஏற்றுக்கொள்கிறேன், என் சோதனையில் அது விட்டுப்போயிற்று. காலியான இரண்டு இடத்துக்கு ஒன்று இபு மெர்துவாகு. மற்றொன்று காதலிக்க நேரமில்லை (1964). மெல்லிசை மன்னர்களின் பாட்டுகள், ஸ்ரீதரின் வேகம், நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி எல்லாம் சேர்ந்து தயக்கத்தோடு வரும் பிள்ளைகளையும் இழுத்துவிடும். அதை முதல் மாதமே போடுங்கள். ஈஸ்ட்மன்கலர் படம், ஆகவே பிரதியைப் பார்த்து வாங்குங்கள். அந்த வகைப் படச்சுருளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. வானமும் புல்லும் ரோஜா நிறத்தில் இருந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

சிங்கிங் இன் த ரெயினை தில்லானாவுக்கு முந்திய மாதம் வையுங்கள். அதன் கதையே குரல் கொடுப்பது பற்றியது. பேசும் படம் வந்த காலத்தில் நட்சத்திரத்தின் குரல் சரியில்லை, திரைக்குப் பின்னால் இன்னொரு பெண் அவளுக்காகப் பாடுகிறாள். அந்தப் பின்குரல் பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே சில பாட்டுகளில் பெட்டி நாய்ஸ் என்பவர் குரல் கொடுத்தார். இதைச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் வரப்போகும் படத்தில் பத்மினிக்குப் பாடுவது பி. சுசீலா என்றும் சொல்லுங்கள். இங்கே அதை யாரும் மறைக்கவில்லை, படத்தின் தொடக்க எழுத்திலேயே பெயர் போட்டார்கள். பின்னணிப் பாடகரை ஒளித்து வைத்த ஊரும் கொண்டாடிய ஊரும் என்று பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள்.

தில்லானா மூன்று மணி நேரத்தைத் தொடும். அன்றைக்கு மட்டும் அறையை 6 மணிக்குக் கேளுங்கள். இடைவேளையை எடுத்துவிடாதீர்கள், படம் அதை நினைத்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது.


செங்காங் வாசி:

எல்லாருக்கும் நன்றி. 6 மணிக்கு அறை கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ் தடுமாறும், பழைய வசனம் இன்னும் கடினம். ஆங்கில வசனவரிகள் உள்ள பிரதிதான் பார்த்திருக்கிறோம். ஆனால் பாட்டு வந்தால் வரிகள் நின்றுவிடுகின்றன.


கரும்பலகை:

பெரும்பாலான தமிழ்ப் பிரதிகளில் அந்தக் குறை உண்டு. பாட்டில் கதை நகரும் படத்துக்கு அது கையை வெட்டிய மாதிரி. பாட்டுகளுக்கு மட்டும் நீங்களே எழுதிச் சேருங்கள். ஒரு படத்துக்கு ஏழெட்டுப் பாட்டு என்றால் இரண்டு வாரயிறுதி வேலை. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் போதும், எஸ்ஆர்டி கோப்பாகச் சேமியுங்கள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 40 எழுத்துக்குள் அடக்குங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்றரை விநாடி நிற்கட்டும்.

பல்லவி திரும்பத் திரும்ப வரும். முதல் முறை மட்டும் எழுதுங்கள், அடுத்த முறைகளில் திரையைக் காலியாக விடுங்கள். அப்போதுதான் கண் முகத்துக்கும் காலுக்கும் போகும். ஸ்வரம் பாடும் இடத்திலும் ஜதி சொல்லும் இடத்திலும் எதுவும் எழுதாதீர்கள். இராகத்தின் பெயரே பாட்டு வரியில் வந்தால், திருவிளையாடலில் பாலமுரளிகிருஷ்ணா பாடும் 'ஒரு நாள் போதுமா'வில் வருவதுபோல், அதை மொழிபெயர்க்காமல் பெயராகவே போடுங்கள். அந்த வரி வரும்போது இராகமும் மாறுகிறது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

தாத்தா பாட்டிமாருக்கு வரி தேவையில்லை, ஆனால் வரி படத்தின் மேல் விழுந்து காலை மறைத்தால் கோபப்படுவார்கள். எழுத்தைச் சின்னதாக்கி, சட்டத்தின் அடி விளிம்பை ஒட்டி வையுங்கள். ஆட்டம் முழு உடம்பாக வரும் இடங்களில் மட்டும் மேலே ஏற்றிவிடுங்கள். எஸ்ஆர்டி கோப்பில் அந்த வரியின் முன்னால் அடைப்புக்குள் இடக்குறி ஒன்று போட்டால் விஎல்சியில் வரி திரையின் உச்சிக்குப் போய்விடும், மென்பொருளிலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. 0.96 வேகத்தில் ஓட்டும் படமாக இருந்தால் அந்த டிவிடிக்கே நேரக்குறி போடுங்கள். வேறொரு பிரதிக்கு எழுதியதை ஒட்டவைத்தால் படத்தின் கடைசியில் நான்கு நிமிடம் தள்ளிப்போயிருக்கும்.